வைத்திருத்தல் பாதுகாத்தல் ஆகாது

டிஜிட்டல் காப்பகம் என்றால் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கு. ஆய்வுத் தரவு, ஸ்கேன் செய்த நூல், அரசு ஆவணம், ஒலிப்பதிவு என எதுவானாலும் பதிவேற்ற வேண்டும். வெவ்வேறு ஊர்களில் உள்ள சர்வர்களில் இரண்டு மூன்று பிரதிகள் வைக்க வேண்டும். நிரந்தர இணைய முகவரி ஒன்று வழங்க வேண்டும். இவ்வளவும் நடந்துவிட்டால் அந்தப் பொருள் காலாகாலத்துக்கும் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று கொள்வது இன்று பொதுவழக்காகிவிட்டது. ஆய்வு நிறுவனங்களின் கொள்கைகளும் நிதி வழங்குவோரின் நிபந்தனைகளும் இந்த நம்பிக்கையின் மேல்தான் எழுதப்படுகின்றன. இந்த நம்பிக்கை தவறானது. அது காப்பகத்தின் வேலையில் முதல் படியை மட்டும் பார்த்துவிட்டு, அதையே முழு வேலை என்று எண்ணிக்கொள்கிறது. அதனால் விளையும் இழப்பு ஓசையின்றி நிகழ்கிறது. கோப்பு இருந்துகொண்டே இருக்கும், அதன் பொருள் மட்டும் போய்விடும்.

சேமித்தாலே போதும் என்ற இந்த நம்பிக்கையை ஐந்து வாதங்கள் தாங்கி நிற்கின்றன. கோப்பின் பிட்டுகள் மாறாமல் இருந்தால் போதும் என்பது ஒன்று. இன்று புரியாததை நாளைய இயந்திரங்கள் புரிந்துகொள்ளும் என்பது இரண்டாவது. காப்பகம் அசலைத் தொடவே கூடாது என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் பேணப் பணமில்லை, சேமிப்போ மலிவு என்பது நான்காவது. நம்பகச் சான்றோ நிரந்தர அடையாள எண்ணோ இருந்தால் கவலையில்லை என்பது ஐந்தாவது. ஐந்தும் தனித்தனியே ஆராயத்தக்கவை.

முதல் வாதத்தில் ஒரு பகுதி உண்மை. பிட்டுகள் தொலைந்தால் மற்றதெல்லாம் வீண். 1969இல் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது அங்கிருந்து வந்த சமிக்ஞைகளைப் பதிவுசெய்த மூல நாடாக்களை நாசா பின்னாளில் தேடியது. அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் 2009இல் வர முடிந்தது. ஆகவே பிரதிகள் தேவை. அவை ஒரே இடத்தில் இல்லாதிருப்பதும் தேவை. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் கணக்கிட்டு வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதும் தேவை. எஸ்எச்ஏ-256 முறையில், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 குறிகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடியோடு மாறிவிடும். கோப்பு மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அந்தச் சாட்சி சொல்வது அவ்வளவுதான். கோப்பு திறக்குமா, திறந்தால் படிக்க முடியுமா, படித்தால் விளங்குமா, விளங்கினால் அது சரியா என்ற நான்கு கேள்விகளுக்கும் செக்சத்திடம் விடை கிடையாது.

தமிழ்க் கோப்புகளே இதற்கு நேரடிச் சான்று. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து சேமித்தால், அந்தக் கோப்பில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே இருக்கும். ஜேயை ‘த’வாகவும், கேயை ‘ம’வாகவும், பியை இகரக் கொக்கியாகவும், ஓவை ‘ழ’வாகவும், அரைப்புள்ளியை மெய்ப்புள்ளியாகவும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துவரிசை. தேடுபொறியில் ‘தமிழ்’ என்று தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. செக்சம் மட்டும் சரியாக இருக்கும். பிரதிகள் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்திருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், டேம் எனப் பல குறியேற்றங்களும், ஒவ்வொரு மென்பொருள் நிறுவனத்தின் சொந்த எழுத்துரு அமைப்புகளும் வழங்கின. தமிழ்நாடு அரசு 1999இல் டேப், டேம் இரண்டையும் தரமாக ஏற்றது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. இந்த இடைக்காலத்தில் தட்டச்சான தமிழ்க் கோப்புகளில், எந்தக் குறியேற்றம் என்ற குறிப்பில்லாதவை எல்லாம் இந்த ஆபத்தில் இருப்பவை.

மதுரைத் திட்டத்தின் வரலாறு இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. 1998இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அத்திட்டம் தமிழ் இலக்கியங்களை முதலில் எழுத்துரு சார்ந்த குறியேற்றங்களில் வெளியிட்டது. பின்னர் டிஸ்கிக்கு மாற்றியது. அதன் பின் யூனிகோடுக்கு மாற்றியது. அந்த நூல்கள் இன்றும் திறக்கின்றன, தேடினால் கிடைக்கின்றன. நல்ல வட்டில் எழுதி வைத்தது அதற்குக் காரணமன்று. தொழில்நுட்பம் மாறியபோதெல்லாம் உடன் மாற்றித் தர ஆட்கள் இருந்தார்கள்.

பிட்டுகள் மட்டுமே காப்பாற்றப்பட்ட பொருளுக்கு என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் டோம்ஸ்டே திட்டம் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு. 1086ஆம் ஆண்டின் டோம்ஸ்டே நிலக்கணக்கு எழுதப்பட்டு 900 ஆண்டு நிறைந்ததையொட்டி, 1986இல் பிபிசி ஒரு புதிய கணக்கெடுப்பை லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பள்ளி மாணவர் உட்பட பத்து லட்சம் பேர் அதில் பங்கேற்றனர். பதினைந்தே ஆண்டுகளில் அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகளும் அதற்கான ஏகார்ன் கணினிகளும் கிடைப்பதற்கு அரியவையாயின. வட்டில் தகவல் அழிந்துவிடவில்லை. அதைப் படிக்கும் வழிதான் மறைந்துகொண்டிருந்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய கேமிலியான் திட்டம், பழைய கணினியின் செயல்பாட்டைப் புதிய கணினியில் போலச்செய்யும் மென்பொருளை உருவாக்கி 2002இல் அதை மீட்டுக் காட்டியது. மீட்சிக்குக் காரணம் பழைய கருவிகளும் அவற்றை அறிந்த ஆட்களும் அப்போது இன்னும் எஞ்சியிருந்தது. இன்னும் இருபது ஆண்டு தள்ளிப்போயிருந்தால் அந்த வாய்ப்பும் குறைந்திருக்கும்.

பிட்டுகளைக் காப்பது பிழையையும் அப்படியே காக்கும் என்பது இன்னும் நுட்பமான சிக்கல். ‘செப்டின் 2’ என்ற மரபணுவுக்கு வழங்கிய சுருக்கப் பெயரை எக்செல் கட்டத்தில் இட்டால், மென்பொருள் அதைச் செப்டம்பர் 2 என்ற தேதியாகத் தானே மாற்றிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு கண்டது. சிக்கல் தீராமற்போகவே, மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றி வைத்தது. வந்ததை வந்தபடி வைக்கும் காப்பகம் இந்தப் பிழையை நூறாண்டுக்கும் பத்திரமாக வைத்திருக்கும். உள்ளே நுழையும்போது ஒருவர் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால், மரபணுப் பெயர்களுக்கிடையே தேதி ஏன் என்று அன்றே கேட்டிருப்பார். தரவு தந்தவரும் அன்றே திருத்தியிருப்பார்.

இவை தற்செயலான விபத்துகள் அல்ல. டிஜிட்டல் பொருளின் இயல்பே இதுதான். விண்வெளி நிறுவனங்களின் தரவுக் குழு வகுத்து, 2003இல் ஐஎஸ்ஓ 14721 என்ற தரமாக ஏற்கப்பட்ட ஓஏஐஎஸ் மாதிரி இதைத் தெளிவாகச் சொல்கிறது. தரவு தனியே தகவல் ஆவதில்லை. அதை எப்படிப் படிப்பது என்ற விளக்கமும் சேர்ந்தால்தான் தகவல் ஆகிறது. அந்த விளக்கம் எவ்வளவு வேண்டும் என்பது யாருக்காகக் காக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு காப்பகமும் தன் இலக்குப் பயனர் குழுவை வரையறுக்க வேண்டும். அந்தக் குழுவின் அறிவும் பழக்கமும் மாறும்போது விளக்கத்தையும் மாற்ற வேண்டும். ‘நீண்டகாலம்’ என்பதைக்கூட அந்தத் தரம் ஆண்டுக் கணக்கில் சொல்லவில்லை. தொழில்நுட்பமும் பயனர் குழுவும் மாறுவதால் வரும் பாதிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அளவு நீண்டதெல்லாம் நீண்டகாலம் என்கிறது. மாற்றத்தை எதிர்கொள்வதே பாதுகாப்பின் இலக்கணம் என்றால், மாறாமல் வைத்திருப்பது மட்டும் பாதுகாப்பாக முடியாது.

இந்தப் புரிதலிலிருந்து பிறந்ததே பேணல் நிலைகள் என்னும் கருத்து. நெதர்லாந்தில் தோன்றிய தரவு முத்திரையும் உலகத் தரவு அமைப்பின் சான்றும் இணைந்து 2017இல் உருவான கோர்டிரஸ்ட்சீல், காப்பகங்களுக்கு நம்பகச் சான்று வழங்குகிறது. விண்ணப்பிக்கும் காப்பகம், தன்னிடம் உள்ள தொகுப்புகளுக்கு எந்த நிலையில் பேணல் நடக்கிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அதன் இப்போதைய வகுப்பில் ஐந்து நிலைகள் உள்ளன. ஒரு குடும்பக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு அவற்றைப் பார்க்கலாம்.

அடிநிலையில் காப்பகம் கோப்பை வந்தபடி வாங்கி, வந்தபடி வழங்குகிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. அடுத்த நிலையில் வரவு நிபந்தனைகள் உண்டு: ஏற்கத்தக்க கோப்பு வடிவமா, யார், எப்போது, எங்கே, எப்படித் திரட்டியது என்ற மீதரவு இருக்கிறதா என்று சரிபார்க்கப்படும். மூன்றாம் நிலையில் காப்பகமே வேலையில் இறங்குகிறது. வயது என்ற பத்தியில் 99 என்று இருந்தால் அது தொண்ணூற்றொன்பது வயதா, ‘பதில் இல்லை’ என்பதற்கான குறியா என்று தரவு தந்தவரிடம் கேட்டு, குறிகளின் பொருளை விளக்கும் குறிநூலில் எழுதி வைக்கும்; தனியாரை அடையாளம் காட்டும் விவரம் இருந்தால் நீக்கச் செய்யும். நான்காம் நிலையில் காப்பகம் காலத்துக்குப் பொறுப்பேற்கிறது: கோப்பு வடிவம் வழக்கொழியும் முன் புதிய வடிவத்துக்கு மாற்றும், மாற்றியதில் எதுவும் சிதறவில்லை என்று சரிபார்க்கும். உச்ச நிலையில், கோப்பு திறந்தால் மட்டும் போதாது, பயனர் அதைச் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கும் காப்பகம் பொறுப்பேற்கிறது.

இந்த உச்ச நிலை மிகையான ஆசை என்று தோன்றலாம். வேலூர் மாவட்டம் என்ற பெயர் அப்படி இல்லை என்று காட்டும். 2019இல் அந்த மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2018ஆம் ஆண்டுத் தரவில் உள்ள வேலூரும் 2020ஆம் ஆண்டுத் தரவில் உள்ள வேலூரும் பெயரால் ஒன்று, பரப்பாலும் மக்கள்தொகையாலும் வேறு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் ஆய்வாளர், வேலூரின் மக்கள்தொகை இரண்டே ஆண்டில் சரிந்துவிட்டது என்று எழுதக்கூடும். கோப்பில் பிழை ஒன்றும் இல்லை. கோப்பைச் சுற்றிய உலகம் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைத் தரவின் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டே வருவதுதான் உயிருள்ள பாதுகாப்பு. தரவு சேர்ந்த நாளில் இந்தக் குறிப்பை எழுதியிருக்க முடியாது. பிரிவினை நடந்தது பிறகு. ஆகவே ஒரு முறை நன்றாகச் செய்துவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணமும் இங்கே உடைந்துபோகிறது.

இரண்டாவது வாதம் எதிர்கால இயந்திரங்களை நம்புகிறது. செயற்கை நுண்ணறிவு எந்தக் குறியேற்றத்தையும் எந்தப் பழைய வடிவத்தையும் கண்டுபிடித்துவிடும், அதற்காக இன்று உழைப்பது வீண் என்கிறது. மொழிநடையில் உள்ள பனுவலுக்கு இது ஓரளவு பொருந்தும். பாமினிக் கோப்பை அடையாளம் கண்டு யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இப்போதே உண்டு. மொழியில் ஒரு சொல் அடுத்த சொல்லுக்குச் சாட்சியாக இருப்பதால் அது முடிகிறது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இராது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். படித்தவர்கள் பொருளையும் யாப்பையும் துணைகொண்டு சரியான வடிவத்தை மீட்டார்கள். எண்களுக்கு யாப்பு இல்லை. 37 என்ற எண் செல்சியஸா, வயதா, மாவட்டக் குறியா என்பதை அந்த எண்ணுக்குள் தேடிக் காண வழியே இல்லை. எழுதி வைக்காத விளக்கத்தை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது, ஊகித்துத்தான் தரும். ஊகம் தவறினாலும் விடை நம்பத்தக்கதாகவே தோற்றமளிக்கும், ஆபத்து அங்கேதான்.

விளக்கம் இல்லாத எண் எவ்வளவு விரைவில் தவறாகப் படிக்கப்படும் என்பதற்கு 1999 செப்டம்பர் 23 சாட்சி. அன்று நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுகலன் அழிந்தது. தரையில் ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கோப்பில் எழுதியது. அதைப் படித்த மென்பொருள் அதை நியூட்டன் அளவு என்று கொண்டது. செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலன் 57 கிலோமீட்டர் வரை இறங்கிவிட்டது. கோப்பு பழுதாகவில்லை, வடிவம் வழக்கொழியவில்லை, எழுதியவர்களும் படித்தவர்களும் ஒரே காலத்தவர், தொலைபேசியில் கேட்டால் விடை கிடைக்கும் தூரத்தில் இருந்தவர்கள். அப்படியிருந்தும் அலகு என்ற ஒரு விளக்கம் உடன் வராததால் இது நேர்ந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, கேட்க ஆளில்லாத காலத்தில், விளக்கமற்ற எண்கள் தாமே விளங்கிவிடும் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை.

மூன்றாவது வாதம் நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது. காப்பகம் தரவைத் தொட்டால் அசல் கெடும். சாட்சியத்தைத் திருத்துவது காப்பாளரின் வேலை அல்ல என்கிறது. அசல் கெடக்கூடாது என்பது சரி. பேணினால் அசல் கெடும் என்பது சரியல்ல. ஓஏஐஎஸ் மாதிரி தரவு தந்தவர் ஒப்படைத்த தொகுப்பு, காப்பகம் காக்கும் தொகுப்பு, பயனருக்கு வழங்கும் தொகுப்பு என்று மூன்றைத் தனித்தனியே பிரிக்கிறது. ஒப்படைத்தது அப்படியே இருக்க, புதிய வடிவம் அதன் பக்கத்தில் சேர்கிறது. எந்த நாளில், எந்த மென்பொருளால், யார் என்ன மாற்றினார்கள் என்பதைப் பதிவு செய்வதற்கென்றே 2005இல் வெளியான பிரெமிஸ் மீதரவுத் தரம் இருக்கிறது. பதிவில்லாத திருத்தம் அசலைக் கெடுக்கும். பதிவோடு கூடிய திருத்தம் அசலுக்கு வரலாறு சேர்க்கும். இதற்கு மாறாக, தொடாமலே விட்ட பாமினிக் கோப்பு அசலாக இருக்கிறது. படிப்பதற்கு ஆகாததாகவும் இருக்கிறது.

நான்காவது வாதம் பணம். சேமிப்பு மலிவு, ஆட்கள் செலவு அதிகம், ஆகவே எல்லாவற்றையும் சேமித்துவிட்டுப் பேணலைக் கைவிடுவோம் என்கிறது. செலவு எங்கே விழுகிறது என்பது உண்மைதான். பிரிட்டனில் 2008இல் வெளியான ஆய்வுத் தரவுக் காப்புச் செலவுகள் பற்றிய ஆய்வும், சேமிப்பைவிடத் தரவை ஏற்பதற்கும் வழங்குவதற்கும் ஆகும் செலவே பெரிது என்று கண்டது. ஆனால் இதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு வேறு. ஏற்கும் நாளில் தரவு தந்தவர் உயிரோடும் நினைவோடும் இருக்கிறார். 99 என்பதற்குப் பொருள் கேட்க ஒரு மின்னஞ்சல் போதும். இருபது ஆண்டு கழித்து அதே விடையைத் தேடுவது ஓர் ஆய்வுத் திட்டமாகிவிடும். பல நேரம் விடையே கிடைக்காது. 1962இல் மிச்சிகனில் தொடங்கிய ஐசிபிஎஸ்ஆர் என்ற தரவுக் காப்பகமும் 1967இல் எசெக்ஸில் தொடங்கிய பிரிட்டன் தரவுக் காப்பகமும் துளை அட்டைக் காலத்திலிருந்து இணையக் காலம்வரை சமூக அறிவியல் தரவைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு, குறிநூல் எழுதுவதையும் வடிவம் மாற்றுவதையும் அன்றாட வேலையாக வைத்துக்கொண்டதே காரணம்.

மேலும், எல்லாவற்றுக்கும் உச்ச நிலைப் பேணல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நிலைகள் வகுக்கப்பட்டதே பணம் அளவானது என்பதால்தான். மறுபடி எடுக்க முடியாத சுனாமிக்கால அளவீடும், நாளையே மறுபடி கணக்கிட்டுவிடக்கூடிய இடைநிலைக் கோப்பும் ஒரே கவனத்துக்கு உரியவை அல்ல. சிலவற்றை அடிநிலையிலேயே வைக்கலாம். சிலவற்றைப் பத்தாண்டுக்குப் பிறகு மறுஆய்வு செய்து நீக்கவும் செய்யலாம். அடிநிலையில் வைப்பது குற்றமன்று. அடிநிலையில் வைத்துவிட்டு ‘பாதுகாக்கப்பட்டது’ என்று எழுதுவதுதான் தவறு. தேர்ந்தெடுத்துப் பேண முடியாத அமைப்பு எல்லாவற்றையும் சேமிக்கிறது. பின்னர் அந்தப் பரப்பில் எது அரியது என்று அதற்கே தெரியாமல் போகிறது.

ஐந்தாவது வாதம் முத்திரைகளை நம்புகிறது. டிஓஐ என்னும் அடையாள எண் இருந்தால் பொருள் நிலைத்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். அது ஒரு வழிகாட்டிப் பலகைதான். பொருள் இடம் மாறினால் பதிப்பாளர் பலகையைத் திருப்பி வைக்க வேண்டும். பொருளே போய்விட்டால் பலகை எதையும் காக்காது. டிஓஐ பெற்ற 74 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சோதித்த 2024ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஏறத்தாழ 28 விழுக்காடு எந்தப் பெரிய பாதுகாப்புக் காப்பகத்திலும் காணப்படவில்லை. கோர்டிரஸ்ட்சீல் போன்ற சான்று இதைவிட மிக உயர்ந்தது. 16 நிபந்தனைகளுக்குச் சான்று காட்டிப் பெற வேண்டியது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. ஆனால் அதுவும் காப்பகத்துக்கு வழங்கப்படுவதே அன்றி, அதிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் வழங்கப்படுவதன்று. ஒரே காப்பகத்துக்குள் ஒரு தொகுப்பு உச்ச நிலையிலும் இன்னொன்று அடிநிலையிலும் இருக்கலாம். சான்றைக் கண்டு எல்லாம் ஒரே பாதுகாப்பில் இருப்பதாக எண்ணும் பயனர், சான்று சொல்லாததைச் சான்றின் மேல் ஏற்றுகிறார்.

காப்பகமே மூடப்படலாம் என்பதும் இங்கே சேர வேண்டும். பிரிட்டனின் கலை, மனிதப்பண்பியல் துறைகளுக்கான தரவுச் சேவைக்கு அளித்துவந்த நிதி 2008இல் நின்றது. அதன் உறுப்பாக இருந்த தொல்லியல் தரவுச் சேவை தொடர்ந்து இயங்கியது. அந்தப் பொதுச் சேவை நிலைக்கவில்லை. ஆகவே நம்பகம் என்பது வட்டின் தரத்தைப் பொறுத்தது மட்டுமன்று. தான் இல்லாத நாளில் யார் ஏற்பார்கள் என்பதற்கு எழுத்தில் ஏற்பாடு உள்ள அமைப்பையும் பொறுத்தது. விளக்கமும் மாற்ற வரலாறும் உடனிருக்கும் தொகுப்பை இன்னொரு காப்பகம் எளிதில் ஏற்றுக்கொள்ளும். வெறும் கோப்புக் குவியலை ஏற்க எவரும் முன்வருவதில்லை. என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதற்குப் பொறுப்பேற்பது?

இவற்றிலிருந்து செய்ய வேண்டியவை தெளிவாகின்றன. ஒவ்வொரு காப்பகமும் தன்னிடம் உள்ள ஒவ்வொரு தொகுப்பின் பக்கத்திலும் அதன் பேணல் நிலையை வெளிப்படையாக எழுத வேண்டும்: வந்தபடி வைத்திருக்கிறோமா, சரிபார்த்தோமா, வடிவ மாற்றத்துக்குப் பொறுப்பேற்கிறோமா, பொருள்கொள்ளலுக்கும் பொறுப்பேற்கிறோமா, எத்தனை ஆண்டுக்கு என்று. அந்த நிலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அதையும் பதிய வேண்டும். நிதி வழங்குவோர் ‘காப்பகத்தில் இட்டாயிற்றா’ என்று கேட்பதை விட்டு, ‘எந்த நிலையில்’ என்று கேட்க வேண்டும். சேமிப்புக்கு ஒதுக்குவது போலவே பேணும் ஆட்களுக்கும் ஒதுக்க வேண்டும். தரவு தருபவர்கள் விளக்கம் எழுதுவதை ஆய்வின் பகுதியாகவே கொள்ள வேண்டும். சேமிப்பு இவற்றுக்கெல்லாம் முன்நிபந்தனை; இவற்றுக்கு மாற்று அன்று. பாதுகாப்பு என்ற சொல்லைத் தன் தொகுப்பின் மேல் எழுதும் அமைப்பு, எதை, யாருக்காக, எதுவரை காக்கிறது என்ற மூன்றுக்கும் விடை எழுதியிருக்க வேண்டும். அந்த விடை இல்லாத இடத்தில் நடப்பதற்குச் சேமிப்பு என்பதே சரியான பெயர்.